டிஎன்எஸ் கேள்விகளை எச்டிடிபிஎஸ் வழியே அனுப்பினால் என்ன மாறுகிறது?

பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் முதலில் நடப்பது அந்தப் பக்கத்தைக் கொண்டுவரும் வேலை அல்ல. அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரி என்ன என்று ஒரு சர்வரிடம் விசாரிக்கும் வேலைதான் முதலில் நடக்கிறது. அந்தச் சர்வருக்கு ரிசால்வர் என்று பெயர். நீங்கள் எந்த அமைப்பையும் மாற்றாமல் விட்டிருந்தால், உங்களுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனமே பெரும்பாலும் அதை நடத்திக்கொண்டிருக்கும்.

பெயரைக் கேட்டு முகவரி பெறும் இந்த முறைதான் டிஎன்எஸ். இதை 1983இல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். இன்று புழங்கும் வடிவம் 1987 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 1034, 1035 என்ற இரண்டு இணையத் தர ஆவணங்களில் இருக்கிறது. கேள்வி, யுடிபி என்ற எளிய அனுப்பு முறையில் ஒரு பாக்கெட்டாக, சர்வரில் டிஎன்எஸ்ஸுக்கென்று இருக்கும் எண்ணிட்ட வாசலான 53ஆம் போர்ட்டுக்குப் போகும். பதில் இன்னொரு பாக்கெட்டாகத் திரும்பி வரும். முன்கூட்டியே இணைப்பு ஏற்படுத்த வேண்டியதில்லை என்பதால் வேகம் அதிகம். ஆனால் பூட்டும் கிடையாது, முத்திரையும் கிடையாது. தெருவில் நின்று உரக்க விலாசம் கேட்பது போலத்தான்: போவோர் வருவோர் எல்லார் காதிலும் விழும், பதில் சொன்னவர் யார் என்பதற்கும் உறுதி இல்லை.

ஒட்டுக்கேட்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நீங்கள் படிக்கும் பக்கம் எச்டிடிபிஎஸ்ஸால் பூட்டப்பட்டிருந்தாலும், எந்த மருத்துவமனை, எந்த வங்கி, எந்தக் கடன் நிறுவனத்தின் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது 53ஆம் போர்ட்டில் அப்பட்டமாகத் தெரியும். இதைவிடக் கனமான சிக்கல் பதிலை மாற்றிவிடுவது. வந்த பதில் தான் கேட்ட கேள்விக்கானதுதானா என்று சரிபார்க்க உங்கள் கணினியிடம் இருப்பது 16 பிட் அடையாள எண்ணும், கேள்வி கிளம்பிய போர்ட் எண்ணும்தான். அடையாள எண்ணில் மொத்தமே 65,536 வாய்ப்புகள். அதை ஊகித்து, ரிசால்வர் பழைய பதில்களைச் சேர்த்துவைக்கும் கேஷில் பொய்ப் பதிலை ஏற்றிவிடலாம் என்று 2008இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி காட்டினார். கிளம்பும் போர்ட் எண்ணைக் கேள்விக்குக் கேள்வி மாற்றும் பழக்கம் அதன் பிறகுதான் எங்கும் பரவியது. ஆனால் வழியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு எண்களும் அவர் கண்ணெதிரே போகின்றன.

2014 மார்ச்சில் துருக்கியில் நடந்தது இதற்கு நேரடியான சான்று. அரசு ட்விட்டரைத் தடுத்தபோது முதலில் கையாண்ட வழி டிஎன்எஸ்தான்: உள்ளூர் ரிசால்வர்கள் ட்விட்டரின் பெயருக்கு வேறு முகவரியைப் பதிலாகத் தந்தன. மக்கள் கூகுளின் 8.8.8.8 ரிசால்வருக்கு மாறினார்கள். அந்த எண்ணைச் சுவர்களிலும் எழுதி வைத்தார்கள். மாதக் கடைசிக்குள் அந்நாட்டு இணைய நிறுவனங்கள் 8.8.8.8 என்ற முகவரிக்குப் போகும் போக்குவரத்தைத் தங்கள் சர்வர்களுக்கே திருப்பின. பயனரின் கணினியில் 8.8.8.8 என்றுதான் இருந்தது, பதிலும் அங்கிருந்தே வந்ததாகத் தோன்றியது. பதில் சொன்னது கூகுள் அல்ல. பழைய டிஎன்எஸ்ஸில் இதைக் கண்டுபிடிக்கப் பயனருக்கு வழியே கிடையாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் வந்தன. 2016 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 7858, டிஎன்எஸ் கேள்வியை, எச்டிடிபிஎஸ்ஸும் பயன்படுத்தும் டிஎல்எஸ் பூட்டுக்குள் வைத்து 853ஆம் போர்ட்டில் அனுப்பச் சொன்னது. டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ் என்ற இதைச் சுருக்கமாக டிஓடி என்பார்கள். 2018 அக்டோபரில் பால் ஹாஃப்மன், பேட்ரிக் மக்மேனஸ் இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 8484 வந்தது. கேள்வியை அப்படியே ஒரு எச்டிடிபிஎஸ் கோரிக்கையாக மாற்றி, எல்லா இணையப் பக்கங்களும் போகும் 443ஆம் போர்ட்டிலேயே அனுப்புவது இதன் முறை. பெயர் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ், சுருக்கமாக டிஓஎச். இரண்டிலும் பூட்டு ஒன்றுதான். வேறுபாடு, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு என்ன தெரிகிறது என்பதில் இருக்கிறது. 853இல் போவது டிஎன்எஸ் என்று பார்த்தவுடன் தெரியும்; வேண்டாமென்றால் அந்த ஒரு போர்ட்டை மூடிவிடலாம். 443இல் போகும் கேள்வி மற்ற வலைப் போக்குவரத்தோடு கலந்துவிடுகிறது. பெயர்பெற்ற ரிசால்வர்களின் ஐபி முகவரிகள் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அவற்றை மட்டும் தடுப்பது இப்போதும் முடியும். போர்ட்டையே மூடுவதுதான் முடியாது.

இந்தப் பூட்டு துருக்கியில் அப்போது இருந்திருந்தால் தடை விலகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தான் கூகுள்தான் என்று நிரூபிக்கும் சான்றிதழைப் போலிச் சர்வரால் காட்ட முடியாது. இணைப்பு அங்கேயே முறிந்திருக்கும். பொய்ப் பதிலை மெய்யென்று நம்புவதைவிடப் பதிலே வராமல் போவது எவ்வளவோ மேல்.

கேள்வி எப்படி இருக்கும் என்று ஒருமுறை பைட் பைட்டாகப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். தமிழ் விக்கிபீடியாவின் முகவரியை எடுத்துக்கொள்வோம்: டிஏ, விக்கிபீடியா, ஆர்க் என்று மூன்று துண்டுகள். ஆங்கில எழுத்தில் முறையே 2, 9, 3 எழுத்துகள். டிஎன்எஸ் செய்தியின் தலைப்பகுதி எப்போதும் 12 பைட்: அடையாள எண்ணுக்கு 2, கொடிகளுக்கு 2, உள்ளே எத்தனை கேள்வி எத்தனை பதில் என்று சொல்லும் நான்கு எண்ணிக்கைகளுக்கு 8. பிறகு பெயர். புள்ளிகள் அனுப்பப்படுவதில்லை, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் ஒரு பைட்டில் நிற்கும், கடைசியில் ஒரு சுழியம். ஆக 1+2, 1+9, 1+3, 1 என்று 18 பைட். இறுதியில் ஐபிவி4 முகவரி வேண்டும் என்பதைச் சொல்ல 2, இணைய வகுப்பைச் சொல்ல 2. மொத்தம் 34 பைட். பழைய முறையில் இதோடு யுடிபியின் 8, ஐபியின் 20 சேர்ந்து 62 பைட் பாக்கெட்டாகக் கிளம்பும்.

டிஓஎச் இந்த 34 பைட்டில் அமைப்பை மாற்றுவதே இல்லை. அதைச் சுமந்து போகும் வண்டி மட்டும்தான் வேறு. போஸ்ட் முறையில் அனுப்பினால் 34 பைட்டும் கோரிக்கையின் உடலாக அப்படியே போகும். உள்ளடக்க வகை ‘அப்ளிகேஷன்/டிஎன்எஸ்-மெசேஜ்’ என்று குறிப்பிட வேண்டும். வகையைத் தவறாகக் கொடுத்தால் 415 என்ற பிழை எண் வருவது வழக்கம். கெட் முறையில் அனுப்பினால் அந்த பைட்டுகளை பேஸ்64 எழுத்துகளாக மாற்றி முகவரியின் வாலில் ஒட்ட வேண்டும். கையால் சோதித்துப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. சாதாரண பேஸ்64 இந்தக் கேள்விக்கு 48 எழுத்துகள் தரும். அவற்றில் கடைசி இரண்டு வெறும் சமக்குறிகள். டிஓஎச் அந்தச் சமக்குறிகளை ஏற்காது. அவற்றை நீக்கி 46 எழுத்துகளாக அனுப்ப வேண்டும். கூட்டல்குறி வரும் இடத்தில் இணைப்புக்கோடு, சாய்கோடு வரும் இடத்தில் அடிக்கோடு போட வேண்டும். இதை விட்டுவிட்டுச் சர்வர் சரியில்லை என்று தேடிக்கொண்டிருப்பது வீண்.

அடையாள எண்ணைச் சுழியமாக வைக்கச் சொல்கிறது ஆர்எஃப்சி 8484. பழைய முறையில் பாதுகாப்புக்காக ஒவ்வொரு முறையும் மாற வேண்டியிருந்த எண் இது. இங்கே அந்தப் பொறுப்பை டிஎல்எஸ் எடுத்துக்கொண்டது. எண் மாறாமல் இருந்தால் ஒரே கேள்வி எப்போதும் ஒரே முகவரியாக அமையும். எச்டிடிபி கேஷ் அதை அடையாளம் கண்டு பழைய பதிலையே தரலாம். அப்படிக் கேஷிலிருந்து வரும் பதில் எவ்வளவு நேரம் அங்கே கிடந்தது என்பதை ‘ஏஜ்’ என்ற தலைப்பு வரி சொல்லும். டிஎன்எஸ் பதிலில் ஆயுள் 300 விநாடி என்று இருந்து, ஏஜ் 250 என்று இருந்தால், மீதி 50 விநாடிதான். இதைக் கழிக்காத மென்பொருள், தளம் வேறு சர்வருக்கு மாறிய பிறகும் பழைய முகவரியையே பிடித்துத் தொங்கும்.

இன்னொன்று: அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பதிலும் எச்டிடிபி 200 என்ற வெற்றி எண்ணோடுதான் வரும். எச்டிடிபியைப் பொறுத்தவரை கேள்வி போனது, பதில் வந்தது, வேலை முடிந்தது. பெயர் இருக்கிறதா இல்லையா என்பது உள்ளே இருக்கும் டிஎன்எஸ் செய்தியின் கொடிகளில், கடைசி 4 பிட்டில் இருக்கிறது. அங்கே 3 என்றிருந்தால் பெயர் இல்லை. சர்வரைக் கண்காணிப்பவர்கள் 200களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் உண்மை நிலவரம் தெரியாது.

வேகத்தைப் பற்றிய அச்சம் பாதி சரி. புதிதாக இணைப்பு தொடங்கும்போது இணைப்பை ஏற்படுத்தும் டிசிபிக்கு ஒரு போய்வரல், டிஎல்எஸ் 1.3க்கு ஒன்று, கேள்விக்கு ஒன்று என மூன்று போய்வரல்கள் தேவை. ரிசால்வருக்குப் போய்வர 30 மில்லிவிநாடி ஆகுமென்றால், பழைய முறையில் 30இல் முடிந்தது இங்கே 90 ஆகும். ஆனால் அது முதல் கேள்விக்கு மட்டும். இணைப்பு திறந்தே இருப்பதால் அடுத்தடுத்த கேள்விகள் மீண்டும் 30க்கு வந்துவிடும். எச்டிடிபி/2இல் பல கேள்விகள் ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் போகலாம். பாக்கெட்டுகள் அடிக்கடி தொலையும் மோசமான கைபேசிச் சிக்னலில் மட்டும் ஒரு தொல்லை உண்டு: டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் பின்னால் வரும் எல்லாப் பதில்களும் அதற்காகக் காத்துநிற்கும். டிசிபிக்குப் பதில் க்விக் என்ற முறையின் மீது ஓடும் எச்டிடிபி/3 இந்தத் தேக்கத்தைத் தவிர்க்கிறது.

இனி, எது மறையாது என்பது. இதை அறியாமல் டிஓஎச்சைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து. முகவரி தெரிந்ததும் பிரவுசர் அந்தத் தளத்தோடு இணைப்பு தொடங்குகிறது. அந்தத் தொடக்கச் செய்தியில் எஸ்என்ஐ என்ற பகுதியில் தளத்தின் பெயர் பூட்டில்லாமல் எழுதப்பட்டிருக்கும். டிஎன்எஸ்ஸில் மறைத்த பெயர் அடுத்த நொடியே இங்கே வெளியாகிறது. இந்தியாவில் தளங்களைத் தடுக்கும் முறைகளை 2019இல் ஆராய்ந்தவர்கள், டிஎன்எஸ்ஸைத் தொடாமல் எஸ்என்ஐயைப் படித்தே தடுக்கும் வழக்கம் இங்கே இருப்பதைக் காட்டினார்கள். அப்படிப்பட்ட இணைப்பில் டிஓஎச்சால் தடை நீங்காது. எஸ்என்ஐயையும் பூட்டுவதற்கு இசிஎச் என்ற முறை இருக்கிறது. அதற்கான சாவி டிஎன்எஸ் பதிலிலேயே வருகிறது. பதில் பூட்டில்லாமல் வந்தால், வழியில் இருப்பவர் சாவியை நீக்கிவிடலாம். ஆகவே டிஓஎச் இல்லாமல் இசிஎச்சுக்குப் பலன் குறைவு. தளமும் அதை ஆதரித்தால்தான் இது வேலை செய்யும்.

பூட்டு ரிசால்வர் வரைக்கும்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே கேள்வி திறக்கப்படுகிறது. உங்கள் ஐபி முகவரியும் நீங்கள் கேட்ட பெயரும் சேர்ந்தே அந்த நிறுவனத்துக்குத் தெரியும். டிஓஎச்சைப் போடுவது என்பது, யாரும் பார்க்காமல் செய்வது அல்ல. யார் பார்க்கலாம் என்பதை நீங்களே தேர்ந்தெடுப்பது. 2020 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸ் அமெரிக்கப் பயனர்களுக்கு டிஓஎச்சைத் தானாகவே இயக்கத் தொடங்கியபோது, அவர்களின் கேள்விகள் இணைய நிறுவனத்தின் ரிசால்வரை விட்டு கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனத்தின் ரிசால்வருக்குப் போயின. குரோம் அந்த ஆண்டு மே மாதம் வேறு வழியில் போனது: நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் ரிசால்வர் டிஓஎச் தருமானால் அதையே பூட்டிக்கொள்ளும், ஆளை மாற்றாது. இதில் குரோமின் வழிதான் பயனரின் தேர்வை மதிக்கிறது என்பது எங்கள் கருத்து. ஆனால் இணைய நிறுவனத்தின் ரிசால்வரை நம்ப முடியாத ஊர்களில் ஃபயர்பாக்ஸின் வழிக்கு நியாயம் இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. இந்தச் சச்சரவு எவ்வளவு சூடாக இருந்தது என்றால், பிரிட்டனின் இணையச் சேவை நிறுவனங்கள் சங்கம் 2019இல் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவை ‘இணைய வில்லன்’ பட்டியலில் சேர்த்து, கண்டனம் எழுந்ததும் திரும்பப் பெற்றது.

போடுவது எப்படி? ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ‘ப்ரைவேட் டிஎன்எஸ்’ என்று இருக்கும். ஆண்ட்ராய்டு 9 முதல் உண்டு. அடிப்படையில் இது டிஓடி. இங்கே கிளவுட்ஃப்ளேர் ரிசால்வரின் 1.1.1.1 என்ற எண்ணைத் தட்டினால் ஏற்காது, பெயர்தான் கொடுக்க வேண்டும். கிளவுட்ஃப்ளேருக்கு ஆங்கிலத்தில் ‘ஒன்’ என்ற சொல்லை நான்கு முறை, நடுவே புள்ளி வைத்து எழுதவும். பெயர் கொடுத்துவிட்டால் அது கறாரான முறை: 853ஆம் போர்ட் மூடப்பட்ட வைஃபையில் இணையமே வராது. ‘ஆட்டோமேட்டிக்’ என்று விட்டால் பூட்டு கிடைக்கும்போது பயன்படுத்தும், கிடைக்காதபோது சத்தமில்லாமல் பழைய முறைக்குத் திரும்பிவிடும்.

ஃபயர்பாக்ஸில் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தின் அடியில் டிஓஎச் பகுதி இருக்கிறது. ‘இன்கிரீஸ்ட்’ என்பது முடியாதபோது சாதாரண டிஎன்எஸ்ஸுக்குப் போகும். ‘மேக்ஸ்’ என்பது போகாது. குரோமில் செக்யூரிட்டி பக்கத்தில் ‘யூஸ் செக்யூர் டிஎன்எஸ்’. அங்கே ஒரு நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுத்தால் கறார். தானியங்கியாக விட்டால் இளகல். விண்டோஸ் 11இல் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் ப்ராப்பர்ட்டீஸில் டிஎன்எஸ் ஒதுக்கீட்டை மேனுவலாக மாற்றி, 1.1.1.1 அல்லது குவாட்9 என்ற ரிசால்வரின் 9.9.9.9 கொடுத்து, அதன் கீழே டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸை ‘ஆன்’ ஆக்கவும். இதில் பலர் தவறவிடுவது ஐபிவி6. ஐபிவி4க்கு மட்டும் போட்டுவிட்டால், ரவுட்டர் கொடுத்த ஐபிவி6 ரிசால்வருக்குக் கேள்விகள் பூட்டில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் வேலை செய்வது போலவே தோன்றும்.

ஆகவே சோதிக்காமல் விடாதீர்கள். 1.1.1.1இன் ‘ஹெல்ப்’ பக்கத்தைத் திறந்தால் டிஓஎச் இயங்குகிறதா என்று ஆம், இல்லை என்று காட்டும். இது கிளவுட்ஃப்ளேரைப் பயன்படுத்துவோருக்கு மட்டும் பொருந்தும். ஃபயர்பாக்ஸில் ‘அபவுட்:நெட்வொர்க்கிங்’ பக்கத்தின் டிஎன்எஸ் பட்டியலில் டிஆர்ஆர் என்ற பத்தியில் ‘ட்ரூ’ என்று இருக்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால், போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் 53ஆம் போர்ட்டை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். சில பாக்கெட்டுகள் தெரியலாம். பிரவுசரில் மட்டும் டிஓஎச் போட்டிருந்தால் மற்ற மென்பொருள்கள் பழைய வழியிலேயே கேட்டுக்கொண்டிருக்கும்.

சிக்கல்கள் பெரும்பாலும் நான்கைந்து இடங்களில்தான் வரும். விடுதி, ரயில் நிலையம் போன்ற இடங்களின் வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் பல நேரங்களில் டிஎன்எஸ் பதிலைத் திருப்பித்தான் காட்டப்படுகிறது. கறாரான டிஓஎச் அதை ஏற்காததால் பக்கம் வராது. சிறிது நேரம் நிறுத்தி, உள்நுழைந்த பிறகு மீண்டும் போடவும். அலுவலகத்தில் உள் சர்வர்களின் பெயர்கள் வெளி ரிசால்வருக்குத் தெரியாது. பிரிண்டர், ஊழியர் தளம் எல்லாம் திறக்காமல் போனால் காரணம் அதுதான். வீட்டில் பிள்ளைகளுக்காக ரவுட்டரிலோ, டிஎன்எஸ்ஸை வடிகட்டும் பை-ஹோல் மென்பொருளிலோ வடிகட்டி வைத்திருந்தால், பிரவுசரின் டிஓஎச் அதைத் தாண்டிப் போய்விடும். ஃபயர்பாக்ஸ் தானாக டிஓஎச்சை இயக்கும் முன் ஒரு குறிப்பிட்ட சோதனைப் பெயரைத் தேடும். பை-ஹோல் அதற்கு ‘இல்லை’ என்று பதில் தந்து நிறுத்திவிடுகிறது. பயனரே விரும்பிப் போட்டிருந்தால் இது பலிக்காது. வடிகட்டலும் பூட்டும் சேர்ந்தே வேண்டுமானால் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3ஐ வைக்கலாம்.

வீடியோ மந்தமானால் டிஓஎச்சையே குறை சொல்லிவிட வேண்டாம். பெரிய தளங்கள் உங்களுக்கு அருகிலுள்ள சர்வரைத் தர, கேள்வி எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று பார்க்கின்றன. கூகுள் ரிசால்வர் உங்கள் ஐபியின் முன்பகுதியை அவர்களுக்குத் தெரிவிக்கிறது, கிளவுட்ஃப்ளேர் தனியுரிமைக்காகத் தெரிவிப்பதில்லை, குவாட்9 9.9.9.9இல் தெரிவிக்காது, 9.9.9.11இல் தெரிவிக்கும். மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரியலாம்.

கடைசியாக, கண்டுபிடிக்கக் கடினமான ஒன்று: கடிகாரம். ராஸ்பெர்ரி பை 4 போன்ற பலகைகளிலும் பல ரவுட்டர்களிலும் மின்சாரம் போனால் நேரத்தைக் காத்துவைக்கும் பேட்டரி இல்லை. மின்சாரம் திரும்பும்போது தேதி பழையதாக இருக்கும். அந்தத் தேதியில் ரிசால்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று டிஎல்எஸ் மறுத்துவிடும், டிஎன்எஸ் ஓடாது. நேரத்தைச் சரிசெய்ய என்டிபி சர்வரைக் கேட்கலாமென்றால் அதன் பெயரைத் தேட டிஎன்எஸ் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். என்டிபி சர்வரைப் பெயராக இல்லாமல் ஐபி முகவரியாகக் கொடுங்கள். அல்லது அந்த ஒரு பெயரை மட்டும் சாதாரண டிஎன்எஸ்ஸில் தேடும்படி விதிவிலக்கு போடுங்கள். டிஓஎச் ரிசால்வரின் பெயரைத் தேடவும் இதே போல ஒரு தொடக்க ஐபி முகவரி அமைப்பில் இருக்க வேண்டும். 1.1.1.1, 8.8.8.8, 9.9.9.9 மூன்றின் சான்றிதழிலும் ஐபி முகவரியே எழுதப்பட்டிருப்பதால், பெயர் இல்லாமலும் அவற்றைச் சரிபார்த்து இணையலாம்.